ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? 70 ஆண்டுகளாகத் தூங்க விடாத கல்கியின் த்ரில்லரும் கள்ளக்குறிச்சி கனெக்‌ஷனும்

'பொன்னியின் செல்வன்' படித்து முடித்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? ஒருவர் நந்தினி என்பார். இன்னொருவர் பெரிய பழுவேட்டரையர் என்பார். ரவிதாஸன் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. மூன்று பேரும் படித்தது ஒரே புத்தகம்தான்.

1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடராக ஆரம்பித்த கதை இது. இன்றும் மொபைலில் பிடிஎஃப், ஆடியோ புக், யூடியூப் விளக்கம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சோழர் கதை என்றதும் எல்லோருக்கும் தஞ்சாவூர்தான் நினைவுக்கு வரும். ஆனால் கொல்லப்பட்ட இளவரசனின் தாய்வீடு இருந்தது இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். அங்கே ஒரு கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு, நாவலில் வராத ஒரு மரணத்தைச் சொல்கிறது.

(நாவலை இன்னும் படிக்காதவர்களுக்கு: கீழே ஸ்பாய்லர் நிறைய இருக்கிறது. படித்துவிட்டு வருவதானால் வாருங்கள், கட்டுரை இங்கேயேதான் இருக்கும்.)

வாரா வாரம் காத்திருந்த வாசகர்கள்

கல்கி என்கிற ரா.கிருஷ்ணமூர்த்தி இந்தக் கதையைப் புத்தகமாக எழுதவில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று சுமார் மூன்றரை ஆண்டுகள் எழுதினார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகம். மொத்தம் 293 அத்தியாயம். மணியம் வரைந்த ஓவியங்களோடு இதழ் வரும். ஒரு வீட்டுக்கு ஒரு இதழ்தான். யார் முதலில் படிப்பது என்பதில் சண்டை வந்ததைப் பற்றிப் பேசாத தாத்தா பாட்டியே கிடையாது.

வாரத் தொடர் என்பதால் அத்தியாயம் முடியும் இடம் முக்கியம். கதவு திறக்கும், யார் வருகிறார்கள் என்று சொல்ல மாட்டார். இருட்டில் ஒரு கை தோளைப் பிடிக்கும், யார் கை என்பது அடுத்த வாரம்தான் தெரியும். இன்றைக்கு வெப் சீரிஸில் எபிசோடு முடியும் இடத்தில் செய்வதைக் கல்கி வாரா வாரம் காகிதத்தில் செய்தார்.

இன்னொரு வேலையும் செய்தார். சரித்திரக் கதை என்றால் ராஜா, போர், வெற்றி என்றுதான் போக வேண்டும் என்றில்லை என்று காட்டினார். கதையின் முதல் பாகத்திலேயே கடம்பூர் மாளிகையில் ஒரு நள்ளிரவுச் சதிக்கூட்டம். ஒளிந்திருந்து கேட்பவன் ஹீரோ வந்தியத்தேவன். வானத்தில் வால்நட்சத்திரம் தெரிகிறது, அரச குடும்பத்தில் ஒரு சாவு விழும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆக, ஒரு கொலை நடக்கப்போகிறது என்பது வாசகருக்கு முன்பே தெரியும். யாருக்கு, எப்போது, யார் கையால் என்பதற்காகத்தான் ஐந்து பாகமும் புரட்டுகிறோம்.

திருக்கோவலூர்க் கிழவர்

கள்ளக்குறிச்சி உள்ளே வருவது இந்த இடத்தில்.

ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன் மூவருக்கும் அம்மா வானவன் மாதேவி. அவர் திருக்கோவலூர் மலையமான் குலத்துப் பெண். திருக்கோவலூர் என்பதுதான் இன்றைய திருக்கோவிலூர். 2019 நவம்பரில் விழுப்புரத்தில் இருந்து பிரித்துக் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது இந்த ஊரும் இங்கே வந்துவிட்டது. பழைய பதிப்புகளின் அடிக்குறிப்பில் தென்னாற்காடு என்றோ விழுப்புரம் என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம், அதே ஊர்தான்.

மேற்கே கல்வராயன் மலை, வடக்கே தென்பெண்ணை. இந்த வட்டாரத்துக்குப் பழைய பெயர் மலாடு, மிலாடு. மலையமான் நாடு என்பதன் சுருக்கம். சங்க காலத்துக் கடையெழு வள்ளல்களில் ஒருவரான மலையமான் திருமுடிக்காரி ஆண்டதும் இங்கேதான். சோழர் பெரிய பேரரசாக வளர்ந்தபோது மலையமான்கள் அவர்களுக்குக் கீழ் சிற்றரசர்களாக இருந்தார்கள், பெண் கொடுத்து உறவும் ஆனார்கள்.

நாவலில் வரும் மலையமான் மிலாடுடையார் எண்பது வயதை நெருங்கும் கிழவர். கரிகாலனின் தாய்வழித் தாத்தா. பழுவேட்டரையர்கள் சதி செய்கிறார்கள், பேரனைச் சிங்காசனத்தில் இருந்து விலக்கப் பார்க்கிறார்கள் என்று முதலிலேயே மோப்பம் பிடித்தவர். நான்காம் பாகமே கெடிலம் ஆற்றங்கரையில்தான் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தொடங்கிக் கடலூர் அருகே கடலில் சேரும் அதே கெடிலம். கரிகாலன் காஞ்சியில் இருந்து கடம்பூர் போகும் வழி அது. சுந்தரர் பிறந்த திருநாவலூரும் அந்தக் காட்சியில் வருகிறது. அதுவும் உளுந்தூர்பேட்டை பக்கம், இதே மாவட்டம்.

அடுத்த அத்தியாயத்தின் பெயர் 'பாட்டனும் பேரனும்'. கடம்பூருக்குப் போகாதே என்று தாத்தா சொல்கிறார். பேரன் கேட்கவில்லை. வாசகருக்கு மட்டும் தெரியும், இந்த ஆற்றைத் தாண்டினால் அவன் திரும்ப மாட்டான் என்று. சண்டையோ ரத்தமோ கிடையாது, இரண்டு பேர் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கொலை நடக்கும் அத்தியாயத்தைவிட இதுதான் பயமுறுத்துகிறது. படத்தில் விக்ரமையும், மலையமானாக நடித்த லாலையும் மட்டும் பார்த்தவர்கள் இந்த ஒரு அத்தியாயத்தையாவது புத்தகத்தில் படிக்கலாம்.

விளக்கு அணைந்த பிறகு

ஐந்தாம் பாகத்தில் கடம்பூர் மாளிகையின் அறைக்குள் கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கிறார்கள். பாண்டிய மன்னன் வீரபாண்டியனைக் கரிகாலன் கொன்றதற்குப் பழிவாங்கத்தான் நந்தினி காத்திருக்கிறாள். அந்த அறைக்குள் ஒளிந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். விளக்கு அணைகிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது கரிகாலன் பிணம்.

அதன் பிறகுதான் கல்கி விளையாடுகிறார். 'நான் கொன்றேன்' என்றே ஒரு அத்தியாயம். கொன்றது நான்தான் என்று மணிமேகலை சொல்கிறாள், காதலன் வந்தியத்தேவனைக் காப்பாற்ற. வந்தியத்தேவன் மீதே கொலைப்பழி விழுந்து சிறைக்குப் போகிறான். தான் எறிந்த கத்திதான் பட்டது என்று பெரிய பழுவேட்டரையர் சொல்கிறார். சாதாரணத் துப்பறியும் கதையில் யாருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், இங்கே ஆளுக்கு ஆள் ஒத்துக்கொள்கிறார்கள். அதனாலேயே உண்மை தெரியவில்லை.

இதற்கு நடுவே ஒரு அத்தியாயத்துக்கு 'மலையமான் துயரம்' என்று பெயர். யார் கொன்றார்கள் என்ற பரபரப்பில் பலரும் வேகமாகத் தாண்டிப் போகும் பக்கங்கள் அவை.

தொடர் முடிந்ததும் திருப்தி இல்லை என்று வாசகர்கள் கல்கிக்கு எழுதித் தள்ளினார்கள். இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார், திடீரென்று முடித்துவிட்டீர்களே என்று. அவர்களுக்குப் பதில் சொல்லவே அவர் தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. அந்த ஆண்டே, 1954 டிசம்பர் 5-ம் தேதி, அவர் காலமானார். விட்ட இடத்தில் இருந்து 'நந்திபுரத்து நாயகி' என்று விக்கிரமன் ஒரு தொடர்ச்சி எழுதினார். ரசிகர்கள் அதையும் படித்தார்கள், கேள்வியை மட்டும் விடவில்லை.

சரி, நிஜத்தில் கொன்றது யார்?

கல்கி வேண்டுமென்றே மறைத்துவிட்டார் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. வரலாற்றிலும் அந்த அறையில் விளக்கு அணைந்துதான் கிடக்கிறது.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வெட்டு, ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுவது, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சோமன், ரவிதாஸனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். இவர்கள், இவர்களது உறவினர்கள் ஆகியோரின் சொத்து பறிக்கப்பட்ட விவகாரம்தான் கல்வெட்டின் பொருள். ஆமாம், நாவலின் ரவிதாஸன் கல்கியின் கற்பனை இல்லை. பெயர் கல்லில் இருக்கிறது.

பிரம்மாதிராஜன் என்பது அரசு உயர் பதவியில் இருந்த பிராமணர்களுக்குத் தரப்பட்ட பட்டம். அதாவது, கல்வெட்டு சொல்லும் ஆட்கள் காட்டில் ஒளிந்து வாழ்ந்தவர்கள் இல்லை, பதவியில் இருந்தவர்கள். பஞ்சவன் என்றால் பாண்டியன். இந்த ஒற்றைச் சொல்லில் இருந்துதான் பாண்டியன் பழிவாங்கல் என்ற கோணமே கிளம்புகிறது.

ஆனால் கல்வெட்டு ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை, யார் ஏவினார்கள் என்றும் சொல்லவில்லை. கொலை நடந்தது சுமார் 970-ல். ராஜராஜன் பட்டம் ஏறியது 985-ல். நடுவில் ஆண்டவர் சித்தப்பா முறை வரும் உத்தம சோழன். அந்த 15 ஆண்டுகளில் என்ன நடந்தது? உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இன்றுவரை விவாதம் ஓயவில்லை.

இதில் வேடிக்கை, சோழர்களின் சொந்த ஆவணமான திருவாலங்காட்டுச் செப்பேடு கொலை என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஆதித்தன் சொர்க்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் போய்விட்டான் என்கிற தொனியில் கடந்துபோகிறது.

ஆகவே யூடியூபில் 'கொலையாளி இவர்தான்' என்று சிவப்பு வட்டம் போட்ட தம்ப்நெயில் பார்த்தால் கொஞ்சம் பொறுங்கள். கல்கியின் கதையை ஆதாரமாகக் காட்டி வரலாறு பேசுவதும், அந்தக் கல்வெட்டில் இருக்கும் சாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றைய ஆட்களோடு சண்டை போடுவதும் இரண்டுமே நடக்கிறது. கல்லில் இருப்பது சில பெயர்களும் ஒரு சொத்து விவகாரமும்.

திருக்கோவிலூர்க் கல் சொல்லும் சாவு

தென்பெண்ணைக் கரையில், திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பாட்டாகவே இருக்கிறது. சுந்தர சோழர் இறந்தபோது, வானவன் மாதேவி பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டுக் கணவரோடு தீப்புகுந்தார் என்கிறது அது. பிறந்த வீட்டு ஊரில், மகன் பேரரசனாக இருக்கும்போது, அம்மாவின் சாவை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நாவலில் இந்தச் சாவு இல்லை. வானவன் மாதேவி படுத்த படுக்கையாக இருக்கும் சுந்தர சோழரின் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்பவராக வருகிறார். கதையில் அவருக்குப் பேச்சும் குறைவுதான். குந்தவைக்கும் நந்தினிக்கும் கொடுத்த இடத்தில் பாதிகூட அவருக்கு இல்லை. மூத்த மகன் கொலையாகி, கணவரும் போய், அதன் பிறகு நெருப்பில் இறங்கிய ஒரு பெண். த்ரில்லராகப் பார்த்தால் அவர் துணைப் பாத்திரம். திருக்கோவிலூரில் நின்று பார்த்தால் கதையே அவருடையதாகத் தெரிகிறது.

அதே கல்வெட்டில் கபிலரும் வருகிறார். பாரியின் மகளை மலையருக்குத் திருமணம் செய்து கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கல் பற்றிய குறிப்பு. ஆற்று நடுவே பாறைமேல் சின்னக் கோயிலாக நிற்கும் கபிலர் குன்று அதுதான் என்று ஊரில் சொல்வார்கள்.

கொலைக்கதை இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. பெரிய புராணத்து மெய்ப்பொருள் நாயனார் திருக்கோவலூரில் இருந்து மிலாட்டை ஆண்டவர். போரில் ஜெயிக்க முடியாத எதிரி முத்தநாதன் சிவனடியார் வேஷத்தில் வந்து, புத்தகக் கட்டுக்குள் மறைத்த கத்தியால் அவரைக் குத்தினான் என்பது கதை. கொன்றவனை ஒன்றும் செய்யாமல் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொன்னாராம் சாகக் கிடந்த ராஜா. புத்தகத்துக்குள் கத்தி! கல்கிக்கு 800 ஆண்டு முன்னாலேயே சேக்கிழார் எழுதிவிட்டார்.

போய்ப் பார்க்க முடியுமா?

தாராளமாக. விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை செல்லும் ரயில் பாதையில் திருக்கோவிலூர் ஸ்டேஷன் இருக்கிறது. ஊருக்குள் உலகளந்த பெருமாள் கோயில், கீழையூர் பக்கம் வீரட்டானேசுவரர் கோயில், ஆற்றில் கபிலர் குன்று. மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். பெண்ணையில் தண்ணீர் ஓடும் நாட்களில் குன்றைக் கரையில் இருந்து பார்ப்பதே பாதுகாப்பு.

கள்ளக்குறிச்சி வழியாக வருபவர்களுக்கு இன்னொரு ரூட் இருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கி வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு வழியாகப் பரங்கிப்பேட்டை அருகே கடலுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் போகிற திசையிலேயே ரோட்டைப் பிடித்தால் காட்டுமன்னார்கோவில், உடையார்குடி, கடம்பூர், கதை தொடங்கும் வீராணம் ஏரி எல்லாம் அடுத்தடுத்து வரும். உடையார்குடிக் கோயிலில் கல்வெட்டைத் தேடும்போது சுவரில் கை வைத்துத் தேய்க்காமல், சுண்ணாம்பு பூசாமல், போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வேண்டும் என்றால் கவலையே இல்லை. கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் மலிவுப் பதிப்பு முதல் கெட்டி அட்டை வரை கடைகளில் கிடைக்கிறது, இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். மலிவுப் பதிப்பு வாங்கினால், கடைசியில் கல்கியின் முடிவுரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.