ஹெல்மட் பட்டியும் எங்கள் பிள்ளைகளின் தலையும்

எங்கள் மலையகத்தில் மென்பந்து ஆடிய பிள்ளை கடினப்பந்துக்கு மாறினால் பெற்றோர் முதலில் தேடுவது துடுப்பைத்தான். ஹெல்மட் பாடசாலையில் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். இதில் எங்கள் நாட்டு அணி பட்டதை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

1975 ஜூன் 11, லண்டன் ஓவல் மைதானம், முதலாவது உலகக் கிண்ணம். இலங்கைக்கு அன்று டெஸ்ட் அந்தஸ்தே கிடையாது. அவுஸ்திரேலியா 60 ஓவரில் 328 ஓட்டங்கள். ஜெப் தொம்சன் வீசிய பந்து துலீப் மெண்டிஸின் தலையைத் தாக்கியது, சுருண்டு விழுந்தார். சுனில் வெத்தமுனிக்குக் காலில் அடி மேல் அடி. இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யாரிடமும் ஹெல்மட் இல்லை. அப்படியும் எங்கள் அணி 4 விக்கெட்டுக்கு 276 எடுத்தது. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீரத்தை எந்தப் பிள்ளையிடமும் கேட்கக் கூடாது.

1978இல் பிரிட்ஜ்டவுனில் கிரஹம் யலொப் டெஸ்ட் போட்டியில் முதன்முதலாக ஹெல்மட் அணிந்தபோது கூட்டம் கேலி செய்தது. பிறகு எல்லோரும் அணிந்தார்கள். 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸும் அணிந்துதான் இருந்தார். பந்து ஹெல்மட்டுக்குக் கீழே கழுத்தில் பட்டது. இரண்டு நாளில் உயிர் போனது. அதன் பிறகே கழுத்துக் காப்பு பரவலானது. 2019 பெப்ரவரியில் கன்பராவில் எங்கள் திமுத் கருணாரத்னவுக்கும் கழுத்துப் பக்கம்தான் அடி. அல்லாஹ்வின் அருளால் மறுநாளே வந்து துடுப்பெடுத்தாடினார்.

2023 நவம்பர் 6, டெல்லியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அஞ்சலோ மெத்தியூஸின் ஹெல்மட் பட்டி அறுந்தது, பங்களாதேஷ் அணி முறையிட்டது, ஒரு பந்துகூடச் சந்திக்காமல் வெளியேறினார். நேரம் அதற்கு முன்பே முடிந்துவிட்டதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கள் கவலை அந்தப் பட்டி. உலகக் கிண்ணத்திலேயே அறுகிறது என்றால், பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போடும் பாடசாலை ஹெல்மட்டின் பட்டி எந்த நிலையில் இருக்கும்?

வாங்கும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டியைப் போட்டுத் தலையை ஆட்டினால் ஹெல்மட் அசையக் கூடாது. "வளர்ந்தபின் சரியாகும்" என்று பெரிதாக வாங்க இது சப்பாத்து அல்ல. முகக் கம்பிக்கும் மேல் விளிம்புக்கும் இடையில் பந்து நுழையக் கூடாது. கடையிலேயே ஒரு பந்தை வைத்துப் பாருங்கள். பலமான அடி பட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

எங்கள் மழையும் பனியும் வேறு. ஈரத்தோடு பையில் திணித்தால் உள்மெத்தை பூஞ்சணம் பிடிக்கும், கம்பியின் ஆணி துருப்பிடிக்கும். அடுப்படியில் காய வைக்காதீர்கள், சூட்டில் ஓடு வளையும். துணியால் துடைத்துக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஆணியையும் பட்டியையும் ஆட்டத்துக்கு முதல்நாளே இழுத்துப் பார்த்துவிடுங்கள்.