திருவண்ணாமலை: படை வந்து தங்கிய கோயில் நகரம்

படை தங்கும் இடத்துக்குத் தமிழில் படைவீடு என்று பெயர். திருவண்ணாமலை மாவட்டத்தில் சந்தவாசலுக்கு அருகே அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. சம்புவராயர்களின் தலைநகராக இருந்த அவ்வூர், இன்று ரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படுகிறது.

தொடக்ககால இஸ்லாமிய நகரங்கள் பலவும் படைவீடாகப் பிறந்தவையே. 7ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் இராக்கில் பஸ்ராவையும் கூஃபாவையும், எகிப்தில் ஃபுஸ்தாத்தையும் அமைத்தன. நடுவில் பள்ளிவாசல், அருகில் ஆளுநர் மாளிகை, சுற்றிலும் குலவாரியாகப் பிரித்த மனைகள். பஸ்ராவின் முதல் வீடுகள் நாணலால் ஆனவை. போருக்குப் புறப்படும்போது அவற்றைப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டுப் போனார்களாம். வீரர்களுக்குக் கிடைத்த உதவித்தொகை வணிகரையும் கைவினைஞரையும் இழுத்து வந்தது. நாணல் போய்ச் செங்கல் வந்தது.

திருவண்ணாமலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. கோயிலும் ஊரும் முன்பே இருந்தன. படை பிறகு வந்தது. 1311இல் தில்லித் தளபதி மாலிக் கபூரின் படையெடுப்பிலும் 1327 வாக்கில் மீண்டும் வந்த தில்லிப் படையிடமும் போசளத் தலைநகர் துவாரசமுத்திரம் சீரழிய, போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டான். செங்கம் கணவாய் வழியாகத் தன் பழைய மேட்டு நிலத்துக்குத் திரும்பலாம். தெற்கே மதுரை சுல்தானகத்தின் மீதும் கண் வைக்கலாம். போர்க்கண்ணால் பார்த்தால் இது மிகச் சரியான தேர்வு.

அரபுத் தளபதிகள் நகரின் நடுவே பள்ளிவாசலை எழுப்பினார்கள். வல்லாளனுக்கு நடு ஏற்கெனவே அமைந்திருந்தது. அவன் அதில் ஒரு கோபுரம் சேர்த்தான். ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே போனால் எதிரே நிற்கும் வல்லாள கோபுரம் அதுதான். முதுமையிலும் படை நடத்திய அவன், 1342 வாக்கில் மதுரை சுல்தானுடன் நடந்த கண்ணனூர்ப் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலுக்குள் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை நேரில் கண்டதாகப் பயணி இப்னு பதூதா எழுதியிருக்கிறார்.

அரண்மனையும் பாசறையும் போயின. ஊர் அவனை மறக்கவில்லை. பிள்ளையில்லாத மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது தலமரபு. தைப்பூசத்தன்று ஈசான்ய குளத்தில் தீர்த்தவாரி முடிந்து சுவாமி திரும்பும்போது மன்னன் இறந்த செய்தி வந்து சேரும்; மேளம் நின்றுவிடும். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரையில் அண்ணாமலையார் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். ஆண்டுதோறும் இன்றும் இது நடக்கிறது.