முதல் தேயிலை தளிர்த்த மலைக் கிராமம்

வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் காலையில் தேநீர் மணக்காத இல்லம் அரிது. ஆயின், அத்தேயிலை ஈழத்தில் முதன்முதல் வாணிபப் பயிராக வேரூன்றிய சிற்றூரை அறிந்தவர் எம்மில் எத்தனை பேர்?

கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்ட மலைச்சாரலில் உள்ளது லூல்கந்துர. 1852 இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர் என்னும் இளைஞர் அங்கே கோப்பித் தோட்டத்தில் பணி ஏற்றார். கண்டிக்குப் புகையிரதம் வந்த அதே 1867 இல், 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிடப்பட்டது. பங்களா விறாந்தையின் மேசைகளிலே கொழுந்தைக் கையால் உருட்டிப் பதப்படுத்தினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தொழிக்க, இச்சிற்றூரின் பயிரே நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கி நின்றது. 1873 இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டன் சென்றது. 1883 இல் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது.

இவை ஏட்டில் உள்ளவை. காட்டை வெட்டிய கைகள் யாருடையவை? தமிழகத்து வறுமையாலும் பஞ்சத்தாலும் வாடிக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து மலைநாடு சேர்ந்த எம்மக்களுடையவை. வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். எஞ்சியோர் சென்ற தோட்டமெங்கும் மாரியம்மனை நிறுவினர். மாசியிலே காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும் ஆடி, லயத்து வாழ்விலும் பண்பாட்டைக் காத்தனர்.

1892 இல் டெயிலர் மறைந்தபோது, 24 பேர் இரு அணியாகப் பிரிந்து, அவருடலைக் கண்டி மஹியாவை மயானம்வரை தோளிற் சுமந்தனர் என்பர். தொழிலாளர் 'சாமித் துரை' என்று அழுதவாறு பின்தொடர்ந்தனராம். துரையின் பெயர் கல்லறையில் இருக்கின்றது. சுமந்தவர் பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை.

அதனினும் பெருங்கொடுமை பின்னர் நேர்ந்தது. முதல் தேயிலைக்கு 81 ஆண்டுகளின் பின், 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை குடும்பங்களைக் கடலின் இருகரையிலும் பிரித்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை உரிமைக்காகக் காத்திருந்தோர் பலர்.

இளைஞர்களே! எம் அங்கத்தவர் சிலரின் பாட்டன் பாட்டியர் மலையிலே கொழுந்து பறித்தவர்கள். அவர்கள் நடந்த வழியையும், பாடிய பாட்டையும், வணங்கிய கோயிலையும் கேட்டு எழுதிவையுங்கள். பெரியோர்களே! கேட்பவர்க்கு மனம் திறந்து கூறுங்கள். கல்லில் பொறிக்கப்படாத பெயர்களை ஏட்டிலேனும் பொறிப்போமாக!