வாசகர் கூட்டத்தைப் பணயம் வைத்தவர்: லிடியா மரியா சைல்ட் (1802–1880)

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியம் பயில்வோர் எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில் ஆகியோரின் பெயர்களைத் தவறாமல் அறிந்திருப்பர். எமர்சனின் முதல் நூல் வெளிவருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புதினத்தை வெளியிட்டவர் லிடியா மரியா சைல்ட். புதினம், கட்டுரை, சிறுவர் இலக்கியம், இல்லற நூல், சமய வரலாறு, அரசியல் துண்டறிக்கை எனப் பல துறைகளில் அவர் அரை நூற்றாண்டுக் காலம் எழுதினார். ஆயினும் பாடத்திட்டங்களில் அவருடைய பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது. அவருடைய வாழ்வில் நம் கவனத்திற்குரிய செய்தி, நூல்களின் எண்ணிக்கையன்று. தாம் அரிதின் ஈட்டிய வாசகர்களின் நம்பிக்கையை ஓர் எழுத்தாளர் எதற்காகச் செலவிட்டார் என்பதே அச்செய்தி.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபோர்டு என்னும் ஊரில், ரொட்டி சுடுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் அவர் 1802ஆம் ஆண்டு பிறந்தார். பன்னிரண்டாம் அகவையில் தாயை இழந்தார். தமையன் கான்வர்ஸ் ஃபிரான்சிஸ் ஹார்வர்டு கல்லூரியில் பயின்று சமயகுருவானார். பெண்ணாகிய தங்கைக்கு அக்கல்லூரியின் வாயில் திறக்கவில்லை. தமையனின் நூல்களே அவருக்குக் கல்லூரியாயின. மணமான தமக்கையுடன் மேய்ன் பகுதியில் வாழ்ந்த ஆண்டுகளில், அமெரிக்கப் பூர்வகுடி மக்களை அருகிருந்து காணும் வாய்ப்பும் கிட்டியது.

அதன் பயன் 1824இல் வெளிவந்த ‘ஹோபோமோக்’ என்னும் புதினம். இருபத்திரண்டு அகவை நங்கை அதனைத் தம் பெயரின்றி வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டுக் குடியேற்றத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண், தன் காதலன் கடலில் மாண்டான் எனக் கருதி ஒரு பூர்வகுடித் தலைவனை மணந்து, மகவையும் ஈன்றெடுக்கிறாள். அக்காலத்தில் இது துணிவு மிக்க கதை. ஆனால் முடிவு வேறுவகையானது. மாண்டதாகக் கருதப்பட்ட காதலன் மீள்கிறான். கணவன் தானாகவே விலகி மேற்கு நோக்கிச் சென்று மறைகிறான். மகன் ஆங்கிலேயருள் ஒருவனாக வளர்ந்து தந்தையின் பெயரையும் மெல்ல இழக்கிறான். பூர்வகுடியினர் மறைவது இயற்கை என்னும் அக்கால எண்ணத்தை இளம் ஆசிரியர் கடக்கவில்லை என்பதே என் கருத்து. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, ‘குடியரசின் காதற்கதை’ எனத் தமிழில் பெயர்க்கத்தக்க தம் இறுதிப் புதினத்தில் இனக்கலப்பு மணத்தை அவர் மீண்டும் கையாண்டார். அதில் கலப்புக் குடும்பம் மறையாமல் நாட்டிலேயே வாழ்கிறது.

1826இல் சிறுவர்க்கென ஓர் இருமாத இதழைத் தொடங்கினார். 1828இல் டேவிட் லீ சைல்ட் என்னும் வழக்கறிஞரை மணந்தார். கணவர் கொள்கைப் பிடிப்புள்ளவர்; கடனும் மிகுந்தவர். குடும்பச் செலவை ஏற்கும் பொறுப்பு மனைவியின் எழுதுகோலைச் சேர்ந்தது. 1829இல் அவர் எழுதிய ‘சிக்கனமான இல்லத்தரசி’ பணியாளர் வைத்துக்கொள்ள இயலாத குடும்பங்களுக்கான நூல். பழைய ரொட்டியை வீணாக்காமை, மலிவான இறைச்சியைப் பக்குவமாகச் சமைத்தல், கைவைத்தியம், துணி பேணல் ஆகியவற்றை அது எவ்வித அலங்காரமுமின்றி எடுத்துரைத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்ட அந்நூலும், அடுத்து வந்த ‘அன்னையர் நூல்’ என்பதும் அவரை வீடுதோறும் அறிமுகமானவராக்கின. பெற்றோர் தம் பிள்ளைகளையே அவருடைய எழுத்தை நம்பி ஒப்படைத்தனர் எனலாம்.

1830இல் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் லாயிட் காரிசனைச் சந்தித்தார். மூன்றாண்டுகள் நூலகத்தில் அமர்ந்து சான்றுகளைத் திரட்டினார். அடிமை முறையில் சிக்கிய மக்களுக்காக வாதிடும் ஒரு முறையீட்டு நூல் 1833இல் வெளிவந்தது. நூலின் தலைப்பே வாதத்தைத் தொடங்கிவிடுகிறது: ‘ஆப்பிரிக்கர்’ என்று பிறர் அழைக்கும் அம்மக்களை அது அமெரிக்கர் என்றே குறிக்கிறது.

மாணவர்கள் இந்நூலின் அமைப்பைக் கவனித்தல் நன்று. பண்டைய அடிமை முறையையும் அமெரிக்க அடிமை முறையையும் ஒப்பிட்டு, சட்டங்களின் கொடுமையைக் காட்டுகிறது. கூலி உழைப்பைவிட அடிமை உழைப்பு பொருளாதார நோக்கிலும் நட்டமே எனக் கணக்கிடுகிறது. விடுதலை பெற்றோரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்ற திட்டத்தை மறுக்கிறது. கறுப்பின மக்களின் அறிவாற்றலுக்கு வரலாற்றுச் சான்று தருகிறது. இதுவரை தென்மாநிலங்களைச் சாடும் நூல் என்று வடமாநில வாசகர் நிம்மதியாகப் படிக்கலாம். இறுதி இயலோ அவர்களையே நோக்கித் திரும்புகிறது. பள்ளியில், தேவாலய இருக்கையில், பயண வண்டியில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைப்பவர்கள் யாவர் என்று கேட்கிறது. இனங்களுக்கிடையிலான திருமணத்தைத் தடைசெய்யும் மாசசூசெட்ஸ் சட்டத்தை நீக்க வேண்டும் என்கிறது. அண்டை வீட்டாரின் குற்றத்தைக் கேட்க விரும்பியவர்களுக்குத் தம் வீட்டுக் குற்றம் எடுத்துக்காட்டப்பட்டது.

பெருஞ்சினம் எழுந்தது. பாஸ்டன் அத்தீனியம் நூலகம் அவருக்கு அளித்திருந்த இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றது. பெற்றோர் சிறுவர் இதழுக்கான சந்தாக்களை நிறுத்தினர். 1834இல் அவர் இதழாசிரியர் பணியை விட்டு விலக நேர்ந்தது. இல்லற நூல்களின் விற்பனையும் சரிந்தது. இவையெல்லாம் எதிர்பாராத இழப்புகள் அல்ல. ஏளனமும் கண்டனமும் வரும் என்பதை அறிந்தே எழுதுவதாக அவர் முன்னுரையிலேயே கூறியிருந்தார். மறுபுறம், புகழ்பெற்ற சமயகுரு வில்லியம் எல்லரி சானிங் அந்நூலைப் படித்தபின், நன்றி கூறுவதற்காகப் பாஸ்டனிலிருந்து அவர் இல்லத்துக்கு நடந்தே வந்தார். வெண்டல் ஃபிலிப்ஸ், சார்ல்ஸ் சம்னர் போன்ற பிற்காலத் தலைவர்கள் மீதும் அந்நூலின் தாக்கம் உண்டு. அவர் கண்டித்த திருமணத் தடைச் சட்டம் 1843இல் நீக்கப்பட்டது.

1838இல் கணவர் நார்தாம்ப்டனில் சர்க்கரைக்கிழங்கு பயிரிட்டார். அடிமைகள் விளைவித்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்று காண்பது அவருடைய நோக்கம். நோக்கம் உயர்ந்தது; கடன் மேலும் பெருகியது. மனைவி 1841இல் நியூயார்க் சென்று அடிமை எதிர்ப்பு இயக்கத்தின் வார இதழுக்கு ஆசிரியரானார். இயக்கத்தின் உட்பூசல்களால் இரண்டாண்டுகளில் விலகினார். ஆனால் அவ்விதழில் அவர் எழுதிய ‘நியூயார்க் கடிதங்கள்’ நூலுருவில் 1843இலும் 1845இலும் வெளிவந்து, இழந்த வாசகர்களில் ஒரு பகுதியினரை மீட்டுத் தந்தன. அவருடைய கட்டுரைகளில் முதலில் படிக்கத்தக்கவை இவை என்பேன். தெருக்களில் நடந்து, யூதர் வழிபாட்டிடத்துக்கும் சிறைத்தீவுக்கும் சென்று, கறுப்பினப் பெண் ஒருவரின் சமயச் சொற்பொழிவையும் கேட்டு, கண்டதிலிருந்து சிந்தனைக்கு நகரும் நடை அது. மரண தண்டனை, வறுமை, பெண்ணுரிமை அனைத்தும் அவ்வழியே வருகின்றன.

1859இல் ஜான் பிரௌன் ஆயுதமேந்திய கிளர்ச்சி நடத்திச் சிறைப்பட்டபோது, காயமுற்ற அவருக்குப் பணிவிடை செய்ய அனுமதி கோரி வர்ஜீனியா ஆளுநருக்கு அம்மையார் மடல் எழுதினார். வன்முறையைத் தாம் ஏற்கவில்லை என்றும் அதில் தெளிவுபடுத்தினார். மேலவை உறுப்பினர் மேசனின் மனைவி சினங்கொண்டு விடுத்த மடலில், தென்மாநிலப் பெண்கள் அடிமைப் பெண்களின் பேறுகாலத்தில் துணைநிற்பதைப் பெருமையாகக் குறிப்பிட்டிருந்தார். வடமாநிலத்திலும் அவ்வுதவி உண்டு, ஆனால் தாய்க்கு உதவிய பின் குழந்தையை விற்பதில்லை என்று அம்மையார் மறுமொழி விடுத்தார். அம்மடல்களின் தொகுப்பு 1860இல் மூன்று இலட்சம் படிகள் பரவியது. இல்லத்தரசிகளுக்கு அறிவுரை எழுதிய அதே எளிய குரலே இம்மறுமொழியிலும் ஒலிக்கிறது.

1861இல் அடிமைத் தளையிலிருந்து தப்பிய ஹேரியட் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணியின் தன்வரலாற்றைப் பதிப்பித்தார். ஜான் பிரௌனைப் பற்றிய இறுதி இயலை நீக்கிவிட்டுப் பாட்டியின் மரணத்துடன் நூலை முடிக்குமாறு ஆலோசனை கூறினார். அந்த ஆலோசனை சரியா என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். ஜேக்கப்ஸ் புனைபெயரில் எழுதியதாலும், தலைப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியர் பெயரே விளங்கியதாலும், நூல் முழுவதும் சைல்ட் புனைந்த கதை என்று நெடுங்காலம் பலர் கருதினர். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் கடிதச் சான்றுகளைக் கொண்டு அது ஜேக்கப்ஸின் எழுத்தே என நிறுவினார்.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல், புதிதாக விடுதலை பெற்றோர்க்கென ஒரு வாசிப்பு நூலைத் தொகுத்து இலாபமின்றி வெளியிட்டார். எழுத்தறிந்தோர் அறியாதோர்க்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். துசான் லூவர்த்தூர், ஃபிரெடரிக் டக்ளஸ் முதலியோரின் வாழ்க்கை வரலாறுகள் அதில் உள்ளன. நிறைவுப் பகுதியில் தூய்மை, சேமிப்பு, பிள்ளை வளர்ப்பு பற்றிய அறிவுரைகளும் வருகின்றன. சிக்கன நூலின் ஆசிரியர் இங்கே மீண்டும் தோன்றுகிறார்; அவ்வறிவுரைகளில் மேலிருந்து பேசும் தொனி சற்றே உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. அதே நூலில் ஃபிலிஸ் வீட்லி, ஃபிரான்சிஸ் ஹார்ப்பர், சார்லட் ஃபோர்ட்டன் ஆகியோரின் எழுத்துகளும் இடம்பெற்றன. புதிதாக எழுத்துக் கற்கும் வாசகர் தம்மவர் யாவர் என எளிதில் கண்டுகொள்ளும் வண்ணம், உள்ளடக்கப் பட்டியலில் கறுப்பின ஆசிரியர் ஒவ்வொருவரின் பெயருக்கும் அருகில் அவர் ஒரு சிறு உடுக்குறி இட்டிருந்தார்.