பாம்பன் கூண்டும் தலையில்லாத சி.எம்.எஸ்ஸும்

"பாம்பன் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." ஐப்பசி, கார்த்திகை வந்தா நியூஸ்ல இந்த வரி வராம இருக்காது. சின்ன வயசுல நான் அது கிளிக்கூண்டுன்னே நினைச்சிருந்தேன். இன்னைக்கு எபிசோட் அந்தக் கூண்டைப் பத்தித்தான். கூடவே, நான் வேலை பார்க்கிற ஹெட்லெஸ் சி.எம்.எஸ் பத்தியும்.

1864-ல் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் சிதைத்தது. மறுவருஷமே அங்கே துறைமுகப் புயல் எச்சரிக்கை தொடங்கியது. 1875-ல் இந்திய வானிலைத் துறை உருவானது. 1898-ல் நாட்டின் துறைமுகங்களுக்குப் பொதுவான குறியீட்டு முறை வந்தது. 1 முதல் 11 வரை எண்கள். 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசலாம். 10 என்றால் பெரும் அபாயம்.

இதுல அழகு என்னன்னா, வானிலை மையம் அனுப்புறது எண்ணைத்தான். அதைப் பகல்ல கம்பத்துல கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளாகக் காட்டுவாங்க. ராத்திரியில அதே எண் சிவப்பு, வெள்ளை விளக்குகளாக மாறிடும். ரேடியோவுல வார்த்தையா வரும். தகவல் ஒண்ணு, முகம் பல.

ஹெட்லெஸ்னா இதேதான். 2003-ல் வந்த வேர்ட்பிரஸ்ல எழுதுற இடமும் காட்டுற பக்கமும் ஒட்டியே இருந்தது. 2016 டிசம்பர்ல வந்த 4.7 பதிப்புல, உள்ளடக்கத்தை மட்டும் ஏ.பி.ஐ வழியா எடுக்கிற வசதி சேர்ந்தது. ஸ்ட்ராப்பி மாதிரி ஓப்பன் சோர்ஸ் சி.எம்.எஸ்கள் ஆரம்பத்துலேருந்தே முகத்தை நம்ம கையில விட்டுடுது. வெப்சைட்டோ, ஆப்போ, எஸ்.எம்.எஸ்ஸோ, நாமதான் கட்டிக்கணும்.

போன வருஷம் ஸ்ட்ராப்பியில பொழுதுபோக்கா ஒரு புயல் எச்சரிக்கைப் பக்கம் செஞ்சேன். எல்லாத்தையும் ஒரே பெரிய டெக்ஸ்ட் பெட்டியில போட்டேன். வெப்சைட்ல அருமையா இருந்தது. எஸ்.எம்.எஸ்ஸுக்குச் சுருக்கினப்போ முக்கியமான எண்ணே வெட்டுப்பட்டுப் போச்சு! அப்புறம்தான் துறைமுகம், எண், நேரம்னு தனித்தனி ஃபீல்டா பிரிச்சேன். எண் ஃபீல்டுல 1 முதல் 11 வரை தவிர வேற எதுவும் ஏறாதபடி கட்டுப்பாடும் வெச்சேன். 1898-லயே தெரிஞ்ச விஷயம், எனக்கு லேட்டா புரிஞ்சது.

இன்னொரு பிழை இதைவிட மோசம். ஒரு நாள் சர்வர் நின்னுபோச்சு. என் பக்கம் முந்தாநாள் எண்ணை இன்னைக்கு எண் மாதிரியே காட்டிக்கிட்டு இருந்தது.

இங்கேதான் 11-ம் எண். வானிலை மையத்தோட தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். தகவல் வரலைங்கிறதே ஒரு தகவல்! மௌனத்தை 'எல்லாம் நலம்'னு எடுத்துக்கக் கூடாதுன்னு அந்த முறையை எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ராமேஸ்வரம் பக்கம் இது வெறும் டிசைன் பாடம் இல்ல. 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பன்லேருந்து தனுஷ்கோடி போன 653-ம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டு போயிடுச்சு. அதுல போனவங்க யாரும் திரும்பல. ஊரும் திரும்ப எழவே இல்ல.

இப்போ என் பக்கத்துல ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அது வந்த நேரம் இருக்கு. ஆறு மணி நேரமா புதுத் தகவல் வரலைன்னா, எண் மறைஞ்சு 'தொடர்பு இல்லை'ன்னு சிவப்புல வரும். நீங்களும் ஏதாவது ஏ.பி.ஐ எழுதுறீங்கன்னா, உங்க 11-ம் எண் எதுன்னு முதல்ல யோசிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.