ரத்தக் கல்யாணம் பெற்ற பிள்ளை

2013 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் எச்.பி.ஓ. சேனலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் மூன்றாம் சீசன், ஒன்பதாம் எபிசோட் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் இசை ஒலிக்கும். அன்று ஒரு சுரம்கூட இல்லை. அந்த அமைதியில் எத்தனையோ வீடுகளின் கூடங்களில் எழுந்த சத்தங்கள் அன்றிரவே யூடியூபில் ஏறத் தொடங்கின. தலையணையைக் கட்டிக்கொண்டு தேம்புகிறவர், எழுந்து நின்று டிவியைத் திட்டுகிறவர், வாயைப் பொத்தியபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டவர் என்று முகம் முகமாக வந்துகொண்டே இருந்தன.

ஒரு தொடரை யாரோ பார்ப்பதை நாம் உட்கார்ந்து பார்ப்பது இன்று பழகிப்போன விஷயம். ரியாக்‌ஷன் வீடியோ என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. தொடர்களுக்கு அந்தப் பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது அந்த ஜூன் இரவில்தான் என்பது என் எண்ணம். அதன் வேர் ஒரு நாவலிலும், அந்த நாவலைப் படித்தவர்கள் காத்த ரகசியத்திலும் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் ரகசியத்தையும் சொல்லியாக வேண்டும். தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதை இங்கேயே நிறுத்திவிட்டு, முதல் மூன்று சீசனையும் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் போய்விடாது.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1980களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுத்தாளராக வேலை பார்த்தவர். எழுதிக் கொடுத்த கதைகளைப் பட்ஜெட் போதாது என்று வெட்டி வெட்டிச் சுருக்கியதில் சலித்துப்போனார். படம் பிடிக்கவே முடியாத அளவுக்குப் பெரிய ஒன்றை எழுதுவது என்று நாவலுக்குத் திரும்பினார். ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையின் முதல் பாகம் 1996இல் வந்தது. நூற்றுக்கணக்கான பாத்திரங்கள், கோட்டைகள், டிராகன்கள், அரியணைக்காக அடித்துக்கொள்ளும் குடும்பங்கள். முதல் பாகத்திலேயே, கதாநாயகன் என்று நாம் நம்பியிருந்த நெட் ஸ்டார்க்கின் தலை வெட்டப்படுகிறது.

வாசகருக்கு அடுத்து என்ன தோன்றும்? மூத்த மகன் ராப் வாளெடுப்பான், அப்பாவுக்காகப் பழி வாங்குவான் என்று தோன்றும். ராப் வாளெடுக்கத்தான் செய்தான். ஒவ்வொரு போரிலும் வென்றான். ஆனால் ஒரு வாக்கை மீறினான். வால்டர் ஃப்ரே என்ற கிழட்டுப் பிரபுவின் மகளைக் கட்டுவதாகச் சொல்லியிருந்தவன், வேறொருத்தியை மணந்துகொண்டான். 2000இல் வெளிவந்த மூன்றாம் பாகமான ‘எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்’ நாவலில், அந்தப் பகையைத் தீர்க்க ராப்பின் தாய்மாமனுக்கும் ஃப்ரேயின் மகளுக்கும் கல்யாணம் ஏற்பாடாகிறது. அம்மா கேட்லினோடும் படையோடும் ராப் அந்தக் கோட்டைக்குப் போகிறான். வாசலில் ரொட்டியும் உப்பும் கொடுக்கிறார்கள். அந்த நாட்டு வழக்கப்படி, உப்பைத் தின்ற விருந்தாளியின் உயிருக்கு வீட்டுக்காரன் பொறுப்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன சமூகத்துக்கு அந்த வழக்கத்தின் கனத்தை விளக்கத் தேவையில்லை. விருந்தின் நடுவில் கதவுகள் அடைபடுகின்றன. மாடத்திலிருந்த பாட்டுக்காரர்கள் கையில் வில் முளைக்கிறது. மகன், தாய், படை எல்லாம் அங்கேயே முடிகிறது.

இந்தக் கொடூரத்துக்கு ஸ்காட்லாந்து வரலாற்றில் மாதிரி உண்டு என்று மார்ட்டின் சொல்லியிருக்கிறார். 1440இல் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைக்கப்பட்ட இளம் டக்ளஸ் பிரபுவும் அவன் தம்பியும் கொல்லப்பட்டார்கள். 1692இல் கிளென்கோவில் தங்க இடம் கொடுத்த மெக்டொனால்டு குடும்பங்களை, அவர்கள் வீட்டில் சாப்பிட்ட படையினரே வெட்டினார்கள். எழுதியவருக்கும் அது சுலபமாக இருக்கவில்லை. அந்த அத்தியாயம் வந்தபோது தாண்டிப் போய்விட்டு, மீதிப் புத்தகம் முழுவதையும் முடித்த பிறகே திரும்பி வந்து அதை எழுதியதாகக் கூறியிருக்கிறார்.

நாவலில் அந்த விருந்தை அம்மா கேட்லினின் கண் வழியாகவே பார்க்கிறோம். அவளுக்குச் சந்தேகம் தட்டும்போது நமக்கும் தட்டுகிறது. அவளுக்குப் புரியும்போதுதான் நமக்கும் புரிகிறது. படித்தவர்கள் பட்டபாடு சொல்லி மாளாது. புத்தகத்தைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. உங்கள் எழுத்தை இனித் தொடமாட்டேன் என்று மார்ட்டினுக்குக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. ஆனால் நாவல் வாசிப்பு தனிமையில் நடப்பது. இரவு ஒரு மணிக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பிச் சொன்னால், ராப் யார், கேட்லின் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு எழவு வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பது மாதிரியான அந்தத் துக்கத்தை லட்சக்கணக்கான வாசகர்கள் தனித்தனியாகச் சுமந்தார்கள்.

2011 ஏப்ரல் 17 அன்று தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியதும் நிலைமை மாறியது. தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி.பி. வைஸும், அந்தக் கல்யாணக் காட்சி வரை ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பதே தங்கள் ஆசையாக இருந்தது என்று கூறியவர்கள். அவர்களும் வாசகர்கள்தானே! தொடர் வந்ததும், ஒரே சோபாவில் இரண்டு வகை ஆட்கள் உட்கார்ந்தார்கள்: நாவலைப் படித்த ஒருவர், படிக்காத ஒருவர். அதே ஆண்டு ஜூனில் நெட் ஸ்டார்க் செத்தபோது, படித்தவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. தான் தனியாகப் பட்ட வேதனை பக்கத்தில் இருப்பவர் முகத்தில் அப்படியே வந்து நிற்கிறது. அன்றைக்கே அடுத்ததற்கான காத்திருப்பு தொடங்கிவிட்டது.

அந்த இரண்டு வருடக் காத்திருப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். தெரிந்த கதையைச் சொல்லாமல் இருப்பது சின்ன வேலை இல்லை. வாரா வாரம் கணவர், ராப்தான் கடைசியில் அரியணை ஏறுவான் என்பார். மனைவி தலையாட்டிவிட்டு இருக்க வேண்டும். நண்பன் ராப்பின் படம் போட்ட சட்டையை வாங்கி வருவான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ரகசியத்தைக் கொட்டியவர்களும் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பெருவாரியான வாசகர்கள் வாயைத் திறக்கவில்லை. தாங்கள் பெற்ற அதிர்ச்சி அடுத்தவருக்கும் பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று விரும்பினார்கள்.

அந்த எபிசோடை இயக்கியவர் டேவிட் நட்டர். நாவலில் இல்லாத அடி ஒன்றைத் தொடரில் சேர்த்திருந்தார்கள். நாவலில் ராப்பின் மனைவி அந்தக் கல்யாணத்துக்கு வருவதே இல்லை. தொடரில் அவள் கர்ப்பிணியாக வந்து, பையன் பிறந்தால் செத்துப்போன மாமனார் பெயரையே வைக்கலாம் என்கிறாள். முதல் கத்தி அவள் வயிற்றில்தான் இறங்குகிறது. படித்தவர்களே அதை எதிர்பார்க்கவில்லை.

வீடியோக்கள் பிறந்ததற்கு அந்தக் காட்சியின் அமைப்பும் ஒரு காரணம். கொலைக்குச் சில நிமிடம் முன்பு மண்டபக் கதவு மூடப்படுகிறது. பாட்டுக்காரர்கள் எதிரிக் குடும்பமான லானிஸ்டர்களின் பாட்டை வாசிக்கத் தொடங்குகிறார்கள். எபிசோடின் பெயரும் அந்தப் பாட்டின் பெயர்தான்: ‘தி ரெயின்ஸ் ஆஃப் காஸ்டமியர்’. படிக்காதவருக்கு அது கல்யாண வீட்டு வாத்தியம். படித்தவருக்கு அது சங்கு. மெதுவாகப் பையில் கைவிட்டுப் போனை எடுக்கவும், அடுத்தவர் முகத்துக்கு நேராகப் பிடிக்கவும் தேவையான நேரம் அந்தப் பாட்டில் கிடைத்தது. வீடியோ எடுக்கும் போன் எல்லார் பையிலும் புகுந்திருந்த காலம் அது. ஞாயிறு இரவு ஒரே நேரத்தில் நாடே பார்த்த கடைசித் தலைமுறைத் தொடர்களில் ஒன்றும் அதுதான். முதல் ஒளிபரப்பை மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கையில் கேமரா, கண்ணெதிரே கதை தெரியாத முகம், முன்கூட்டியே தெரிந்த நிமிடம் மூன்றும் ஒன்று சேர்ந்தன.

அடுத்த சில நாட்களில் அந்த முகங்களை வரிசையாக ஒட்டிய தொகுப்பு வீடியோ உலகம் சுற்றியது. அதே மாதம் மார்ட்டின், கோனன் ஓ’பிரையனின் நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போனபோது அதை அவருக்கே போட்டுக் காட்டினார்கள். தன் வரிகள் படிப்பவரை என்ன செய்கின்றன என்பதைக் கடிதங்கள் வழியாக அறிந்திருந்த ஒரு நாவலாசிரியர், அன்று அத்தனை முகங்களையும் ஒருசேரப் பார்த்தார்.

ரியாக்‌ஷன் வீடியோ என்ற இந்தப் பிள்ளைக்கு மூதாதையர் உண்டு. ஜப்பானியத் தொலைக்காட்சியில், ஓடும் காட்சியின் மூலையில் சின்னக் கட்டம் போட்டு விருந்தினர் முகத்தைக் காட்டுவது நெடுநாள் வழக்கம். 2010இல் ஃபைன் பிரதர்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் யூடியூப் வீடியோக்களைக் குழந்தைகளுக்குக் காட்டி அவர்கள் முகத்தைப் படம் பிடித்தார்கள். பிரிட்டனின் சேனல் 4, சாதாரணக் குடும்பங்கள் டிவி பார்ப்பதையே நிகழ்ச்சியாக்கி ‘காகில்பாக்ஸ்’ என்று 2013 மார்ச்சில் தொடங்கியது. இவற்றிலெல்லாம் படம் பிடித்தவர் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். பார்க்கிறவருக்குக் கேமரா இருப்பது தெரியும். ஜூன் 2 இரவில் கேமரா பிடித்தவர் அதே அழுகையை முன்பே அழுது முடித்த வாசகர். மேலே சொன்னவற்றில் இல்லாதது அதுதான்.

அழுகிறவரைக் கேட்காமல் படம் எடுத்து ஊருக்குக் காட்டுவது கொடுமையில்லையா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. எடுத்தது அன்பால்தான் என்று நம்புகிறேன். அந்த வீடியோக்களில் பலவற்றில் கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். கேலியைவிட, இப்போதாவது புரிகிறதா என்ற ஆறுதல்தான் அதில் எனக்குக் கேட்கிறது. ஆனால் எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. அழுதவர் சம்மதம் இல்லாமல் ஏற்றியது தவறு. அதில் இரண்டு பேச்சு கிடையாது.

பிறகு பிள்ளை வளர்ந்தது. அழுகை ஒரு தொழிலானது. ரியாக்‌ஷன் சேனல்கள் முளைத்தன. காப்புரிமைச் சிக்கல் வராதபடி காட்சியை வெட்டி, மங்கலாக்கி, மூலையில் சிறிதாகக் காட்டும் உத்திகள் வந்தன. 2016 தொடக்கத்தில் ஃபைன் பிரதர்ஸ் அந்த வடிவத்துக்கே வணிக உரிமை கோரப் போய், எதிர்ப்பு வெடித்ததும் கைவிட்டார்கள். சிகாகோவின் பர்லிங்டன் பாரில், கூட்டமாக நின்று எபிசோட் பார்க்கும் ரசிகர்களின் கூச்சல் வாரா வாரம் உலகம் முழுக்க ஓடியது. இப்போது தமிழ் சினிமா டிரெய்லர் வந்த அன்றே, தமிழ் தெரியாத வெளிநாட்டவர்கள் அதைப் பார்த்து வியக்கும் வீடியோக்களை நாம் ரசிக்கிறோமே, அதுவும் இந்த வம்சம்தான்.

அந்த வளர்ச்சிக்கு நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 2015இல் ஐந்தாம் சீசன் முடிந்தபோது, 2011இல் வெளியான ஐந்தாம் நாவலின் முடிவுக்குத் தொடரும் வந்துவிட்டது. ஆறாவது நாவல் இன்றுவரை வரவில்லை. 2016 முதல் சோபாவில் இருவருமே கதை தெரியாதவர்கள். ரகசியம் காக்க ஆளில்லை, போனை எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. தன்னை அறியாமல் பதிவான முகம் போய், கேமராவைப் பார்த்தபடி தயாராக உட்கார்ந்திருக்கும் முகம் வந்தது. 2019இல் கடைசி சீசன் வந்தபோது ரசிகர்களின் எதிர்வினை முகத்தை விட்டே வெளியேறி மனுவானது. அந்த சீசனைத் திறமையான எழுத்தாளர்களைக் கொண்டு மறுபடி எடுக்கக் கோரும் மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். எச்.பி.ஓ. மறுபடி எடுக்கவில்லை, அந்த ஆண்டின் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது அந்தத் தொடருக்கே போனது.

2022 ஆகஸ்டில் ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடங்கியபோது பழைய சோபா திரும்பி வந்தது. அதன் மூலமான ‘ஃபயர் அண்ட் பிளட்’ 2018இலேயே வெளியாகிவிட்டதால், யார் எப்படிச் சாவார்கள் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். மறுபடியும் ஒருவர் தெரிந்து மௌனமாக இருக்கிறார். மறுபடியும் ஒருவர் தெரியாமல் பாப்கார்ன் கொறிக்கிறார்.

சேனல்கள் தயாரித்த வியப்பைவிட, கை நடுங்க எடுத்த அந்த முதல் வீடியோக்களே மேல் என்பது என் தீர்ப்பு. அவற்றில் கதையின் மேலும் பக்கத்தில் இருப்பவர் மேலும் ஒரே சமயத்தில் அக்கறை இருந்தது. நீங்கள் படித்து உருகிய ஒரு நாவல் நாளை திரைக்கு வந்தால், அதைப் படிக்காத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என்ன கேட்டாலும் கதையைச் சொல்லிவிடாதீர்கள். அவர் முகத்தைப் பதிவு செய்தால், அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.