தட்டில் இடம்

1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய ராமாக் கணினியோடு, விற்பனைக்கு வந்த முதல் வன்தட்டும் பிறந்தது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கும் மேல். அத்தனை பெரிய இயந்திரத்தில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. கணினியின் மாத வாடகை 3,200 டாலர். எழுத்து என்று நான் சொல்வது ஆங்கில எழுத்தை. நம் உயிர்மெய்க்கு அங்கே இடமில்லை.

இடம் அத்துணை அருமையாக இருந்தபோது, எதை எழுதாமல் விடலாம் என்பதே முதற்கேள்வி. 80 எழுத்துகளே கொள்ளும் துளையட்டையில் பழகிய சிக்கனம் காந்தத்தட்டிலும் தொடர்ந்தது. ஆண்டின் முதல் 2 இலக்கங்களை விட்டுவிட்டார்கள். 1956 என்பது வெறும் 56 ஆயிற்று. 2000 நெருங்கியபோது அவ்விரண்டு இலக்கங்களை மீண்டும் சேர்ப்பதற்கு உலகெங்கும் பெரும்பணம் செலவாயிற்று. அன்றைய நிரலாளர்களை எள்ளி நகையாடியவர்கள் அந்த வாடகைச் சீட்டைக் கண்டிருக்க மாட்டார்கள்.

1980-இல் சீகேட் நிறுவனம் 5 மெகாபைட் கொள்ளும் வன்தட்டைத் தடித்த அகராதி அளவில் செய்து 1,500 டாலருக்கு விற்றது. ராமாக்கின் அரைமாத வாடகையிலும் குறைவு! ஒரே பரப்பில் மேலும் மேலும் நெருக்கி எழுதக் கற்றதே இவ்வீழ்ச்சிக்குக் காரணம். ஆனால் குறி சிறுக்கச் சிறுக்க அதன் காந்தப்புலமும் மெலியும். மெலிந்ததை உணரக் கூரிய முனை வேண்டும். 1988-இல் பிரான்சில் ஆல்பெர் ஃபெரும் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்கும் தனித்தனியே கண்டறிந்த பெருங்காந்தத்தடை விளைவு அதற்கு வழிசெய்தது. 1997-இல் அது வன்தட்டுக்குள் நுழைந்தது. 2007-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

விலை இறங்கிக்கொண்டே போகும் என்று நம்பியிருந்தோம். 2011-இல் தாய்லாந்தில் பெருவெள்ளம். உலக வன்தட்டுகளில் கணிசமான பங்கைச் செய்த ஆலைகள் அங்கே நீரில் நின்றன. விலை சட்டென்று ஏறிற்று. அப்போது நானும் நண்பர் ஒருவரும் பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தோம். வாங்க நினைத்த வன்தட்டு கைக்கெட்டாமற் போகவே, படங்களின் துல்லியத்தைக் குறைத்து இருந்த இடத்தில் அடைத்தோம். விலை பிற்பாடு இறங்கிவிட்டது. அதற்குள் மூல இதழ்கள் பலவற்றைக் கரையான் தின்றிருந்தது. இன்று அப்படங்களைப் பெருக்கிப் பார்த்தால், மெய்யெழுத்தின் புள்ளி எது, அச்சுமைக் கறை எது என்று பிரித்தறிய இயலவில்லை.